கறுப்பினத்தவர் கடையில் வாங்கினால் என்ன மாறும்? ஜான்ஸ் க்ரீக் வாசகிக்கு ஒரு பதில்

அட்லாண்டாவுக்கு வடக்கே ஜான்ஸ் க்ரீக்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் கறுப்பினத் தோழி, ஆகஸ்ட் கறுப்பினத் தொழில்களுக்கான மாதம் என்று சொல்லி ஒரு சந்தைக்குக் கூட்டிப் போனாள். நாற்பது டாலருக்கு சோப்பு, மெழுகுவர்த்தி வாங்கினேன். அங்கே பார்த்த ஒரு அம்மாவிடமே பையன் பிறந்தநாளுக்குக் கேக் சொன்னேன். அருமையான ருசி, ஆனால் ஒன்றேகால் மணி நேரம் லேட். தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர், 'ஊரில் சாதி பார்த்துக் கடைக்குப் போவது தப்பு என்கிறோம், இங்கே நிறம் பார்த்து வாங்குவது மட்டும் சரியா?' என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. நான் வாங்கும் சோப்பால் நிஜமாகவே ஏதாவது ஆகுமா? இருபதாயிரம் டாலர் சேமிப்பு சும்மா கிடக்கிறது, அதைக் கறுப்பினத்தவர் நடத்தும் வங்கியில் போட்டால் பத்திரமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். பதினாறு வருஷமாக இந்த ஊரில் சிறு கடைகளுக்கும் கேட்டரிங் நடத்துகிறவர்களுக்கும் கணக்குப் பார்க்கிறேன், லோன் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அவர்களுடைய பில் புத்தகத்தையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் வைத்துத்தான் உங்களுக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

கேக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். ஊரில் பால்காரர் லேட்டாக வந்தால், "என்னண்ணே, பிள்ளை பள்ளிக்கூடம் போயாச்சே" என்று கேட்போம் இல்லையா, அந்த அளவுக்குச் சொன்னால் போதும். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டு அடுத்த பிறந்தநாளுக்கு வேறு கடைக்குப் போவதுதான் அந்த அம்மாவுக்குப் பெரிய நஷ்டம், ஏனென்றால் வாடிக்கை எதனால் போனது என்றே அவருக்குத் தெரியாது. அவரிடம் நேரில் சொல்லாமல் கூகுளில் ஒற்றை ஸ்டார் போடுவது அதைவிட மோசம். மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர் எழுதியிருக்கும் கடையில் ஒரு ஒற்றை ஸ்டார் எல்லாவற்றையும் கீழே இழுத்துவிடும். அவருக்கு ஒரு போன் போடுங்கள். கேக் நன்றாக இருந்தது, நேரம்தான் தவறிவிட்டது, அடுத்த முறை ஒரு மணி நேரம் முன்னாலேயே எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அவரைத் தொழில்காரராக மதிப்பதென்றால் குறையையும் சொல்வதுதான்.

அடுத்து உங்கள் வீட்டுக்காரர் கேட்டது. நல்ல கேள்வி, மழுப்பக் கூடாத கேள்வி. ஊரில் சாதி பார்த்துக் கடைக்குப் போகிறவர் எதற்காகப் பார்க்கிறார்? பெரும்பாலும் 'அவன் கையால் வாங்க மாட்டேன்' என்பதற்காக, ஒருத்தரை வெளியே நிறுத்தி வைப்பதற்காக. நீங்கள் செய்தது, வெளியே நிறுத்தி வைக்கப்பட்டவரின் கடைப் படி ஏறியது. நம்மிடமே இதற்கு ஒரு முன்கதை உண்டு. கோயிலுக்குள் விடப்படாத நாடார்கள் மகமை என்ற பொதுநிதி போட்டுப் பணம் சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள், 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. அதே 1921-ல் அட்லாண்டாவில், ஆபர்ன் அவென்யூவில், கறுப்பினத்தவர் சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கியைத் தொடங்கினார்கள். கடன் கேட்டால் கதவு திறக்காத ஊரில், தங்கள் கதவைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

அதே வருஷம் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவில் என்ன நடந்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். கிரீன்வுட் என்ற பகுதியில் கறுப்பினத்தவரின் ஹோட்டல், தியேட்டர், டாக்டர், வக்கீல், மளிகைக் கடை என்று எல்லாம் செழிப்பாக இருந்தது. மே 31-ம் தேதி இரவும் ஜூன் 1-ம் தேதியும் வெள்ளையர் கும்பல் புகுந்து சுமார் 35 தெருத் தொகுதிகளை எரித்தது, 1,200-க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், 'கலவரத்துக்குப் பொறுப்பில்லை' என்ற ஷரத்தைக் காட்டிக் கைவிரித்துவிட்டன. எரிந்த இடத்தில் மறுபடி கட்ட முடியாதபடி நகரசபை புது விதி போட்டது, பி.சி. ஃபிராங்க்ளின் என்ற வக்கீல் கூடாரத்தில் உட்கார்ந்து வழக்கு நடத்தி அதை உடைத்தார். கிரீன்வுட்காரர்கள் தங்கள் காசில் திரும்பக் கட்டினார்கள். அப்படிக் கட்டிய இடத்தின் நடுவே பின்னாளில் நெடுஞ்சாலையைக் கொண்டுபோனார்கள்.

டல்சா தூரம் என்றால் நம் ஊரையே பாருங்கள். அடிமையாகப் பிறந்து, முடி திருத்தும் தொழிலில் சம்பாதித்த அலோன்சோ ஹெர்ண்டன் 1905-ல் தொடங்கிய அட்லாண்டா லைஃப் இன்ஷூரன்ஸ் இருந்தது அதே ஆபர்ன் அவென்யூவில்தான். 1956-ல் ஃபார்ச்சூன் பத்திரிகை உலகத்திலேயே பணக்காரக் கறுப்பினத் தெரு என்று அதைத்தான் எழுதியது. அதன் குறுக்கே நெடுஞ்சாலை வந்து தெரு இரண்டாகப் பிளந்தது. ஊரிலிருந்து அம்மா அப்பா வரும்போது ஏர்போர்ட்டுக்கு 75-85 நெடுஞ்சாலையில் போகிறீர்களே, டவுன்டவுனைத் தாண்டும்போது அந்தத் தெருவுக்கு மேலேதான் போகிறீர்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் ஒரு கடை திறக்கப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். முதலில் வீட்டை வைத்து வாங்கும் கடன், இல்லையென்றால் அப்பாவோ மாமனாரோ கொடுப்பது. 1930-களிலிருந்து கறுப்பினத்தவர் குடியிருப்புகளை வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்து 'இங்கே கடன் ஆபத்து' என்று ஒதுக்கியதால், அவர்களுடைய தாத்தாவுக்கு வீட்டுக் கடன் கிடைக்கவில்லை அல்லது கிடைத்த வீட்டுக்கு விலை ஏறவில்லை. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பின்படி ஒரு நடுத்தர வெள்ளையர் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். என் மேஜைக்கு எதிரே உட்காருகிறவர்களிடம் லோன் கொடுக்கிறவர் கேட்கும் முதல் கேள்வி 'உங்கள் கைக்காசு எவ்வளவு போடுவீர்கள்' என்பதுதான். அந்தக் கேள்வியிலேயே பலர் எழுந்து போய்விடுகிறார்கள், தொழில் தெரியாததால் இல்லை.

இன்னொன்று, இது நிறையப் பேர் யோசிக்காதது. 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்து பாகுபாடு சட்டப்படி ஒழிந்ததும், கறுப்பின வாடிக்கையாளர்கள் எந்த ஹோட்டலுக்கும் போகலாம் என்றானது. போனார்கள், போக வேண்டியதுதான். ஆனால் வெள்ளையர் பக்கத்திலிருந்து கறுப்பினத்தவர் கடைகளுக்கு அதே அளவில் யாரும் வரவில்லை. அதனால் கறுப்பினத்தவரின் ஹோட்டல்களும் கடைகளும் ஒவ்வொன்றாக மூடின. நீங்கள் ஜான்ஸ் க்ரீக்கிலிருந்து கிளம்பிப் போனது யாரும் வராத அந்த வழியில்தான். சிவில் உரிமைச் சட்டத்துக்கு அடுத்த வருஷம், 1965-ல், அதே உரிமைப் போராட்டத்தின் அலையில்தான் குடியேற்றச் சட்டமும் மாறியது. அதற்கு முன் இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்று ஒதுக்கீடு. நீங்களும் நானும் இங்கே வீடு வாங்கி உட்கார்ந்திருப்பதில் அவர்கள் வாங்கிய அடிகளுக்குப் பங்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் வீட்டுக்காரரிடம் நான் நேரில் பேசினாலும் இதைத்தான் சொல்வேன்.

சரி, நாற்பது டாலர் சோப்பால் ஏதாவது ஆகுமா? அது மட்டும் போதாது. 'கறுப்பின மக்களிடம் ஒரு டாலர் ஆறு மணி நேரம்தான் தங்குகிறது' என்று வாட்ஸ்அப்பில் வரும், உங்கள் தோழியும் சொல்லியிருப்பார். அதற்குப் பின்னால் எந்த ஆராய்ச்சியும் இல்லை, அதை நம்பி யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். கடைக்குப் போய் வாங்குவதால் மட்டுமே தலைமுறைச் சொத்து வித்தியாசம் மூடிவிடாது. வாங்க நினைத்தால்கூட எல்லாம் கிடைப்பதில்லை. 2009-ல் சிகாகோ பக்கம் மேகி ஆண்டர்சன் என்பவரின் குடும்பம் ஒரு வருஷம் முழுக்கக் கறுப்பினத்தவர் கடைகளில்தான் வாங்குவது என்று முடிவெடுத்து இறங்கியது. அவர்களுக்கு முதலில் இடித்ததே மளிகைச் சாமான்தான். தேடிப் பிடித்த நல்ல மளிகைக் கடையும் அந்த முயற்சி நடக்கும்போதே மூடிவிட்டது.

இதற்கும் நூறு வருஷம் முன்னால் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் மேகி லீனா வாக்கர் இருந்தார். 1903-ல் செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கியைத் தொடங்கியவர், வங்கித் தலைவராக இருந்த முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண். துணி துவைத்துக் கிடைத்த சில்லறையைச் சேர்த்து வைக்கும் பெண்களும் கணக்கு வைத்த வங்கி அது. 1905-ல் அவரே ஒரு பெரிய கடையும் திறந்தார், கறுப்பினப் பெண்களுக்கு அதில் விற்பனை வேலை கொடுத்தார். வெள்ளைக்கார வியாபாரிகள் மொத்த விற்பனையாளர்களை மிரட்டிச் சரக்கு வராமல் தடுக்கப் பார்த்தார்கள், சொந்த ஜனங்களும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, சில வருஷங்களில் கடையை மூட வேண்டி வந்தது. ஆனால் வங்கி நின்றது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அதில் கடன் வாங்கி வீடு வாங்கின. நான் இதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வாடிக்கையாளரின் நல்ல மனசை மட்டும் நம்பிய கடை விழுந்தது. மாதாமாதம் வந்து விழுந்த சேமிப்பை வைத்து நடந்த வங்கி தாக்குப்பிடித்தது.

இப்போது என் மேஜைக்கு வந்த ஒரு விஷயம், ஆள் தெரியாதபடி கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். தென்மேற்கு அட்லாண்டாவில் கேட்டரிங் நடத்தும் ஒரு கறுப்பின அம்மா. கோழி வறுவல், மாக்கரோனி, காலர்ட் கீரை, பீச் காப்லர், எல்லாம் அவர் கைப்பக்குவம். ஒரு பெரிய கம்பெனி பிப்ரவரியில், கறுப்பின வரலாற்று மாதத்துக்கு, 250 பேருக்கு மதியச் சாப்பாடு ஆர்டர் கொடுத்தது. 4,500 டாலர். போட்டோ எடுத்தார்கள், கம்பெனி பக்கத்தில் போட்டார்கள். பணம் மட்டும் பில் கொடுத்த அறுபது நாளுக்கு அப்புறம். கோழிக்கும் வெண்ணெய்க்கும் அன்றே காசு, உதவிக்கு வந்த இரண்டு பேருக்கு வெள்ளிக்கிழமை சம்பளம், வேனுக்கு வாடகை. அவர் ஆன்லைனில் 5,000 டாலர் மெர்ச்சன்ட் கேஷ் அட்வான்ஸ் வாங்கினார். நம்ம ஊர் தண்டல்தான், ஆள் வந்து நின்று வாங்குவதற்குப் பதில் பேங்க் கணக்கிலிருந்து வேலை நாள் தவறாமல் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கு 65 டாலர், ஐந்து மாதம், மொத்தம் 6,800-க்கும் மேல். அடுப்பைப் பற்ற வைக்கும் முன் போனில் பேங்க் கணக்கைத் திறந்து பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது, மாவு படிந்த கட்டைவிரலால் அவர் அந்தத் திரையைத் தள்ளித் தள்ளி என்னிடம் காட்டினார். எல்லாம் கழித்துப் பார்த்தால் அந்தப் பெரிய ஆர்டரில் அவருக்குக் கையில் நஷ்டம். மார்ச்சில் அந்தக் கம்பெனி மறுபடி கூப்பிடவும் இல்லை.

அதே அம்மாவிடம் ஒரு சின்னப் பல் டாக்டர் கிளினிக் மாதம் இரண்டு முறை இருபது பேருக்குச் சாப்பாடு வாங்குகிறது, அன்றைக்கே பணம் கொடுக்கிறது. அதை வைத்துத்தான் அடுத்த லோனுக்கு நான் விண்ணப்பம் எழுதினேன். லோன் கொடுக்கிறவருக்குத் தேவை மாதாமாதம் வருகிற வரவு. அது இருந்ததால் தண்டல் வட்டியிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்து, வங்கிகள் ஒதுக்கும் சிறு தொழில்களுக்குச் சாதாரண வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஒரு சமூகக் கடன் நிறுவனத்துக்கு மாற்ற முடிந்தது.

ஆகவே உங்களுக்கு என் ஆலோசனை. சோப்பை வாங்குங்கள், பிடித்திருந்தால் தீரும்போதெல்லாம் அவரிடமே வாங்குங்கள். (பெரிய கடையில் வாங்கும்போது, இப்போது அந்தப் பிராண்டு யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பினத்தவர் தொடங்கிய ஷியா மாய்ஸ்ச்சர் என்ற பிராண்டை நடத்திய கம்பெனியை 2017-ல் யூனிலீவர் வாங்கிவிட்டது. விற்றது தப்பில்லை, விற்ற கம்பெனியும் யூனிலீவரும் சேர்ந்து வெள்ளையரல்லாத பெண் தொழில்முனைவோருக்கு ஒரு நிதி தொடங்கினார்கள்.) ஆனால் உங்கள் கையில் சோப்பைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன. உங்கள் டீமுக்கு மாதம் எத்தனை முறை மதியச் சாப்பாடு வாங்குகிறீர்கள்? எங்கே வாங்குவது என்று முடிவு செய்வது யார்? அடுத்தது தமிழ்ச் சங்கம். பொங்கல், தீபாவளி என்று நிகழ்ச்சி நடத்துகிறீர்கள், சவுண்ட் சிஸ்டம், மேஜை நாற்காலி வாடகை, டி-ஷர்ட் அச்சு, போட்டோகிராபர், பஸ் என்று ஆயிரக்கணக்கில் செலவாகிறது. மூன்று கொட்டேஷன் வாங்கும்போது அதில் ஒன்றையாவது கறுப்பினத்தவர் தொழிலிடம் கேளுங்கள். விலையும் தரமும் சரியாக இருந்தால் கொடுங்கள், கொடுத்தால் பாதிப் பணத்தை முன்பணமாகவும் மீதியை அன்றைக்கே செக்காகவும் கொடுங்கள்.

ஆபீஸில் இதை எழுத்துப்பூர்வ விதியாக்கப் போகாதீர்கள். இந்த ஊரிலேயே ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற அமைப்பு கறுப்பினப் பெண்களுக்கு 20,000 டாலர் மானியம் கொடுத்துவந்தது. நிறம் பார்த்துக் கொடுப்பது பாகுபாடு என்று அதன்மேல் 2023-ல் வழக்குப் போட்டு, 2024-ல் அப்பீல் கோர்ட் தடுத்து, கடைசியில் சமரசத்தில் அந்த மானியத்தை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. வழக்குக்கு ஆதாரமாகக் காட்டியது, விடுதலையடைந்த அடிமைகளுக்காக 1866-ல் போட்ட சட்டம். அதைப் படித்த அன்று எனக்கு மனசு மிகவும் கஷ்டமாக இருந்தது. நல்ல சமையல்காரரைத் தேடிப் பிடித்து வெண்டர் பட்டியலில் சேர்க்கச் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. கறுப்பினத்தவருக்கு இந்த ஊரில் பெரிய ஏற்றம் வந்ததே வேலை ஒப்பந்தத்தில்தான். மேனார்ட் ஜாக்சன் மேயராகி 1974-ல் உட்கார்ந்தபோது மாநகராட்சி ஒப்பந்தங்களில் கறுப்பினக் கம்பெனிகளுக்குப் போனது ஒரு சதவீதம்கூட இல்லை. ஏர்போர்ட் விரிவாக்க வேலையில் சிறுபான்மைக் கம்பெனிகளுக்குக் கால்பங்கு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார், சில ஆண்டுகளில் வாங்கியும் கொடுத்தார். இன்றைக்கு அந்த ஏர்போர்ட்டின் பெயரில் பாதி அவருடையது.

கடைசியாக வங்கி. பயப்பட வேண்டாம். அமெரிக்க அரசின் டெபாசிட் காப்பீட்டு அமைப்பான எஃப்.டி.ஐ.சி.யின் காப்பீடு உள்ள வங்கி எதுவானாலும் ஒரு வங்கியில் ஒருத்தருக்கு 2,50,000 டாலர் வரை டெபாசிட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. உங்கள் இருபதாயிரம் அதற்குள்தான். வட்டி விகிதத்தை மட்டும் மற்ற வங்கியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒரு வருஷ டெபாசிட்டாகப் போடுங்கள். அந்தப் பணம்தான் அங்கே இன்னொருவருக்குக் கடனாகப் போகிறது. உங்கள் தோழியின் பாட்டி இதைக் கேட்டுத் தயங்கினால் கோபப்படாதீர்கள். விடுதலையடைந்த அடிமைகளுக்கென்று 1865-ல் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி 1874-ல் மூடியபோது 61,000-க்கும் மேற்பட்டவர்களின் பணம், கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர், மாட்டிக்கொண்டது. கடைசி மாதங்களில் தலைவராக வந்த, அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்புப் போராளியான ஃப்ரெடரிக் டக்ளஸ் தன் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டுப் பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பயம் குடும்பங்களில் பல தலைமுறைக்குத் தங்கிவிட்டது. அப்போது இந்தக் காப்பீடு இல்லை, இப்போது இருக்கிறது என்று சொல்லுங்கள், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு உங்கள் சங்கத்தில் யாரிடமாவது ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் டிசம்பர் முதல் வாரமே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அவர்கள் போனை எடுக்க மாட்டார்கள், ராத்திரி பகலாக அடுப்படியில் நிற்பார்கள்.